சோயா பாலில் என்சைம் கலந்தால் வயிறு உப்பாமல் இருக்குமா?

கேள்வி இதுதான்: கடலூரில் சில பெண்கள் சேர்ந்து வீட்டளவில் சோயா பால், டோஃபு (சோயா பனீர்), சோயா சுண்டல் செய்து விற்கிறார்கள். ருசியில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் பால் வாங்கியவர்களில் பலர் வயிறு உப்புகிறது, வாயு பிடிக்கிறது என்று சொல்லி மறுபடி வருவதில்லை. ‘செரிமான என்சைம்’ என்று ஒரு பொடியைக் கொண்டுவந்த விற்பனையாளர், இதைப் பாலில் கலந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். வாங்கலாமா? எந்த என்சைம், எப்போது, எவ்வளவு?

அந்தப் பொடியை வாங்க வேண்டாம். என்சைம் போட்டுச் சோயாவின் வாயுவைக் குறைக்க முடியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் பொதுவாகச் ‘செரிமானத்துக்கு’ என்று விற்கும் கலவைக்கும் சோயாவுக்கும் பொருத்தம் குறைவு. என்சைம் என்பது உணவுப் பொருள்களின் பிணைப்புகளை வெட்டும் நொதி. ஒவ்வொன்றும் ஒரு வகைப் பிணைப்பைத்தான் வெட்டும், மற்றதைத் தொடாது. ஆகவே உங்கள் பாலில் எது தொல்லை தருகிறது என்று பார்த்துவிட்டுத்தான் எதைப் போடுவது என்ற பேச்சுக்கே வர வேண்டும்.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். அமைலேஸ், புரோட்டியேஸ், லைப்பேஸ், செல்லுலேஸ், சிலவற்றில் லாக்டேஸ் என்று எழுதியிருக்கும். அமைலேஸ் மாவுச்சத்தை உடைப்பது. கொண்டைக்கடலை, உளுந்து மாதிரி இல்லாமல், முற்றிய சோயாவில் மாவுச்சத்து பெயருக்குத்தான் இருக்கிறது. எனவே அதற்கு இங்கே வேலையே இல்லை. லாக்டேஸ் பசும்பாலில் உள்ள சர்க்கரைக்கானது. சோயா பாலில் அந்தச் சர்க்கரை கிடையாது. லைப்பேஸ் கொழுப்பை உடைக்கும், பாலில் அது நடந்தால் சிக்கு வாடைதான் மிச்சம். செல்லுலேஸ் சக்கையைக் கொஞ்சம் கரைக்கும். புரோட்டியேஸ் பற்றிப் பிறகு சொல்கிறேன், அது தனிக் கதை. வாயுவை உண்டாக்கும் பொருளைத் தொடுகிற என்சைம் இந்தப் பட்டியலில் எங்கே? பெரும்பாலும் இருக்காது. சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு ஸ்பூன் குடிக்கும் டயஸ்டேஸ் - பெப்சின் சிரப்பும் இதே ரகம்தான்.

சரி, வாயு எங்கிருந்து வருகிறது? சோயாவில் சுமார் 4 சதவீதம் ஸ்டாக்கியோஸ், 1 சதவீதம் ராஃபினோஸ் என்று இரண்டு சர்க்கரைகள் இருக்கின்றன. நம் சாதாரணச் சர்க்கரையோடு கேலக்டோஸ் என்ற இன்னொரு சிறு சர்க்கரை கூடுதலாக ஒட்டியிருக்கும் அமைப்பு. ராஃபினோஸில் ஒரு கேலக்டோஸ், ஸ்டாக்கியோஸில் இரண்டு. இந்த ஒட்டை வெட்டும் ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் என்ற என்சைம் மனிதரின் சிறுகுடலில் கிடையாது. உங்களுக்கும் இல்லை, எனக்கும் இல்லை, ‘எனக்குக் கல்லைத் தின்றாலும் செரிக்கும்’ என்பவருக்கும் இல்லை. வெட்டப்படாத சர்க்கரை அப்படியே பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே இருக்கும் பாக்டீரியாவுக்கு அந்த என்சைம் உண்டு. அவை அதைப் புளிக்கவைக்க, ஹைட்ரஜன், கார்பன் டை ஆக்சைடு, சிலருக்கு மீத்தேனும் சேர்ந்து வயிறு பலூன் ஆகிறது. குடித்தவுடன் அல்ல, சில மணி நேரம் கழித்து.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது சின்ன அளவுதான். ஒரு கிலோ சோயாவில் இந்தச் சர்க்கரைகள் சுமார் 50 கிராம். அதிலிருந்து 7 லிட்டர் பால் எடுக்கிறீர்கள், சர்க்கரை முழுக்கப் பாலுக்கு வருகிறது என்று வைத்தாலும் 200 மி.லி. கோப்பையில் ஒன்றரை கிராமைத் தாண்டாது. சிலருக்கு அது தெரியவே தெரியாது. குடல் கூச்சம் உள்ளவருக்கு அதுவே போதும். தினமும் கொஞ்சமாகக் குடித்துப் பழகியவர்களுக்குச் சில வாரங்களில் தொல்லை குறைவதும் உண்டு. புதிதாக வருபவருக்கு முதல் நாளே அரை லிட்டர் பாட்டிலைக் கையில் கொடுக்காதீர்கள். நூறு மில்லியில் தொடங்கச் சொல்லுங்கள். இதற்குச் செலவே இல்லை.

என்சைமுக்குப் போவதற்கு முன் தண்ணீரைச் சரியாகப் பயன்படுத்துகிறீர்களா என்று பாருங்கள். இந்தச் சர்க்கரைகள் நீரில் கரைபவை. ஊறவைத்த தண்ணீரிலேயே ஒரு பங்கு வெளியே வந்துவிடும். அந்தத் தண்ணீரில் ‘சத்து’ இருக்கிறது என்று அதையே விட்டு அரைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் இருப்பது பெரும்பாலும் உங்களுக்கு வேண்டாத சத்துதான், கொட்டிவிடுங்கள். ஒரு பங்கு பருப்புக்கு மூன்று பங்கு தண்ணீர், 8 மணி நேரம், இடையில் ஒருமுறையாவது தண்ணீர் மாற்ற வேண்டும். கடலூர் மே மாத வெயிலில் இரவு முழுக்க அப்படியே விட்டால் விடியும்போது நுரை கட்டிப் புளிப்பு வாடை அடிக்கும். அந்த மாதங்களில் நேரத்தைக் குறைத்துத் தண்ணீரை அடிக்கடி மாற்றுவது நல்லது. பிறகு தோலைக் கசக்கி எடுத்து, கால் ஸ்பூன் சமையல் சோடா போட்ட கொதிநீரில் ஐந்து நிமிடம் விட்டு வடித்துவிட்டால் இன்னும் ஒரு பங்கு போகும். பருப்பும் மிருதுவாகும், பச்சை வாடையும் குறையும். சுண்டலுக்கும் இதே முறைதான். ஊறிய தண்ணீரையும் முதல் கொதி தண்ணீரையும் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் வேகவிடுங்கள். பெருங்காயம், இஞ்சி, ஓமம் எல்லாம் போடுங்கள், வயிற்றுக்கு இதமாக இருக்கும். ஆனால் அவை இந்தச் சர்க்கரையை உடைப்பதில்லை, அந்த நம்பிக்கையில் தண்ணீரைக் கொட்டாமல் விட்டுவிடாதீர்கள்.

அடுத்து, வாயு வேறு, வயிறு கனத்துக் குமட்டுவது வேறு. வாடிக்கையாளரிடம் இதைப் பிரித்துக் கேளுங்கள். குடித்த ஒரு மணி நேரத்துக்குள் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி என்று சொன்னால் அது சர்க்கரையால் வந்ததாக இருக்காது. பால் சரியாக வேகவில்லை என்பதே என் முதல் சந்தேகம்.

சோயா புரதத்தோடு ஒரு வில்லனும் சேர்ந்தே வருகிறது. நம் கணையம் புரதத்தைச் செரிக்கச் சுரக்கும் டிரிப்சின் என்ற என்சைமையே கட்டிப்போடும் புரதங்கள் அவை. பச்சைச் சோயா கொடுத்த எலிகள் வளரவில்லை, வேகவைத்துக் கொடுத்தால் வளர்ந்தன என்று ஆஸ்பர்ன், மெண்டல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1917-இலேயே கண்டார்கள். காரணமான பொருள்களில் ஒன்றை 1945-இல் குனிட்ஸ் என்ற ஆய்வாளர் படிகமாகப் பிரித்தெடுத்தார். அது அவர் பெயராலேயே அறியப்படுகிறது. இன்னொன்று பவுமன்-பிர்க் தடுப்பான். குனிட்ஸ் வகை சூட்டில் ஓரளவு சீக்கிரம் சிதையும். பவுமன்-பிர்க் சிறியது, கந்தகப் பிணைப்புகளால் இறுகக் கட்டப்பட்டது, எளிதில் அசையாது. குனிட்ஸ் தடுப்பானே இல்லாத என்.ஆர்.சி. 127 என்ற சோயா ரகத்தை இந்தூரில் உள்ள சோயா ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்டிருக்கிறது. நம் ஊர் மளிகைக்கு வரும் மூட்டையில் என்ன ரகம் என்று யாருக்கும் தெரியாது, ஆகவே எல்லாவற்றையும் நன்றாக வேகவைப்பது ஒன்றுதான் வழி.

இந்த இடத்தில்தான் சிறு தொழில் செய்பவர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். சோயா பால் 100 டிகிரியைத் தொடுவதற்கு வெகு முன்பே, 80-ஐத் தாண்டியதும், பொங்கி எழும். அதில் உள்ள சபோனின் என்ற பொருள் சோப்பு மாதிரி நுரை கட்டுவதுதான் காரணம். பசும்பால் காய்ச்சிப் பழகிய கை, பொங்கியதும் தானாக அடுப்பை அணைத்துவிடும். பார்வைக்குக் கொதித்த பால், உள்ளே வேகாத பால். ஒரு நல்ல தெர்மாமீட்டர் வாங்கிக் கொள்ளுங்கள், அந்த என்சைம் டப்பாவைவிட விலை குறைவாகத்தான் இருக்கும். நுரை எழும்போது தீயைக் குறைத்து, கரண்டியால் நுரையை எடுத்துவிட்டு, கொதிநிலைக்கு வந்த பிறகு 15 முதல் 20 நிமிடம் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். அடி அகலமான பாத்திரமாக இருக்கட்டும், அடிப்பிடிக்கும் பால் இது. சுண்டலுக்கு இந்தக் கவலை குறைவு. ஊறிய பருப்பைக் குக்கரில் 15 - 20 நிமிடம் வைத்தால் சூடு 120 டிகிரியை நெருங்குவதால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும்.

இவ்வளவையும் செய்த பிறகும் வாயு என்று சொல்கிறார்களா? இப்போது என்சைமைப் பேசலாம்.

வேண்டியது ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ். ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற பூஞ்சையிலிருந்து எடுப்பதுதான் சந்தையில் அதிகம். வெளிநாடுகளில் பருப்பு சாப்பிடுவதற்கு முன் விழுங்கும் மாத்திரையாகவும் இது பல வருடங்களாக விற்கிறது. சர்க்கரை ஆலைகளிலும் இதற்கு வேலை உண்டு. பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும்போது ராஃபினோஸ் சேர்ந்துகொண்டு படிகமாவதைக் கெடுக்கும், ஜப்பானில் அதை இந்த என்சைமால் உடைத்தார்கள். நம் நெல்லிக்குப்பத்து ஆலை கரும்பில் ஓடுவது, அங்கே இந்தத் தலைவலி இல்லை.

ஸ்டாக்கியோஸை இது வெட்டினால் கிடைப்பது இரண்டு கேலக்டோஸும் ஒரு சாதாரணச் சர்க்கரையும். மூன்றையும் சிறுகுடலே உறிஞ்சிவிடும், பெருங்குடலுக்கு மிச்சம் போவது குறைவு. பாலும் லேசாக இனிக்கும். இன்வர்டேஸ் என்ற இன்னொரு என்சைமை இதற்குப் பதிலாக விற்கப் பார்ப்பார்கள், விலை குறைவு. அது சாதாரணச் சர்க்கரையின் ஒரு பாதியான ஃபிரக்டோஸ் பக்கத்தை வெட்டிவிட்டு, கேலக்டோஸ் ஒட்டைத் தொடாமல் விட்டுவிடும். அதனால் வாயுவில் பெரிய மாற்றம் வராது.

எப்போது போடுவது என்பதில்தான் நுணுக்கம். பாலை முழுவதும் கொதிக்கவைத்து முடித்த பிறகு, 55 டிகிரிக்கு ஆறவிட்டுப் போட வேண்டும். கொதிக்கும் பாலில் போட்டால் என்சைம் அதே நிமிடம் செத்துவிடும், காசு ஆவியாகிவிடும். பூஞ்சை என்சைம்கள் பொதுவாகச் சற்றுப் புளிப்பான இடத்தில், பி.எச். என்ற புளிப்பு அளவு 5-ஐ ஒட்டி, நன்றாக வேலை செய்பவை. சோயா பாலோ 6.6 - 6.8-இல் இருக்கும். எலுமிச்சை பிழிந்து இறக்கலாமே என்று தோன்றும். கூடாது. 4.5-ஐ நெருங்கும்போது சோயா புரதம் திரிந்துவிடும், அதற்கு முன்பே பால் திப்பி திப்பியாகத் தொடங்கும். எனவே 6.5-இலும் ஓரளவு வேலை செய்யும் என்சைமாகக் கேட்டு வாங்க வேண்டும், அல்லது வேகம் குறைவாக இருக்கும் என்று ஒப்புக்கொண்டு கொஞ்சம் கூடுதலாகப் போட வேண்டும்.

எவ்வளவு என்று கிராமில் சொல்ல முடியாது. ஒரு நிறுவனத்தின் ஒரு கிராமும் இன்னொன்றின் ஒரு கிராமும் வலிமையில் பத்து மடங்கு வேறுபடலாம். என்சைமை வாங்குவது யூனிட் (வேலைத் திறனின் அளவு) கணக்கில். விற்பவரிடம் கேட்க வேண்டியவை: ஒரு கிராமில் எத்தனை ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் யூனிட், எந்த பி.எச்., எந்தச் சூடு, உணவுத் தரம்தானா, எந்த நுண்ணுயிரியிலிருந்து எடுத்தது, கூடவே புரோட்டியேஸ் கலந்திருக்கிறதா. இதற்கெல்லாம் சான்றிதழோடு பதில் சொல்பவரிடம் வாங்குங்கள். ‘எல்லாமே இதில் இருக்குங்க’ என்பவரிடம் வேண்டாம்.

போட்ட பிறகு இரண்டு மணி நேரம், மூடி போட்டு, 55 டிகிரியில் பிடித்து வைக்க வேண்டும். இது சொல்ல எளிது. அடுப்பில் வைத்து எடுத்து எடுத்து இந்தச் சூட்டை நிலையாக வைக்க முடியாது. வெந்நீர்த் தொட்டியில் பாத்திரத்தை இறக்கி வைத்தால் முடியும். சூடு 40 - 45-க்கு இறங்கிக் கிடந்தால் என்சைம் மெதுவாகும் என்பது ஒரு பக்கம். கொதியிலும் சாகாமல் வித்தாகக் கிடக்கும் பேசில்லஸ் வகைக் கிருமிகள் அந்த வெதுவெதுப்பில் பெருகும் என்பது அதைவிடப் பெரிய ஆபத்து. புரதம் நிறைந்த பால், கடலோரப் புழுக்கம், இரண்டு மணி நேரம்: கிருமிக்கு இதைவிட என்ன வேண்டும்? நேரம் முடிந்ததும் உடனே 90 டிகிரிக்கு மேல் ஏற்றிச் சில நிமிடம் வைத்து என்சைமை நிறுத்தி, பாட்டிலில் அடைத்து, ஐஸ் தண்ணீரில் இறக்கி, ஃபிரிட்ஜில் வையுங்கள். சூட்டைக் கட்டுக்குள் வைக்க வசதி இல்லையென்றால் என்சைம் வேண்டாம், தண்ணீர் மாற்றும் முறையோடு நில்லுங்கள்.

வேலை நடந்ததா என்று நாக்கை வைத்துச் சொல்ல முடியாது. மெல்லிய தகட்டில் சர்க்கரைகளைப் பிரித்துக் காட்டும் எளிய சோதனை ஒன்று உண்டு. என்சைம் போடாத பாலையும் போட்ட பாலையும் பக்கத்தில் பக்கத்தில் பொட்டு வைத்தால், ஸ்டாக்கியோஸ் பொட்டு மங்கியிருக்கிறதா என்று கண்ணுக்கே தெரியும். காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகத்தில் உணவு அறிவியல் துறை இருக்கிறது, தஞ்சாவூரில் மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. இரண்டுமே உங்களுக்கு ஒரே நாளில் போய்வரும் தூரம். மாதிரியைக் கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். சோயா பால், டோஃபு தொழிலையே முறையாகக் கற்க வேண்டுமென்றால் போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனம் இதற்கென்றே பயிற்சி நடத்துகிறது.

ஒரு சந்தேகம் வரலாம். விதைக்குள்ளேயே ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் இருக்கிறதே, முளைக்கும்போது அதுதானே இந்தச் சர்க்கரையைச் செடிக்கு உணவாக்குகிறது, அதையே பயன்படுத்தினால் என்ன? உண்மைதான். இரண்டு மூன்று நாள் முளைகட்டினால் ராஃபினோஸும் ஸ்டாக்கியோஸும் நன்றாகக் குறையும், சுண்டலுக்கு இது அருமையான வழி. பாலுக்கு மட்டும் ஒரு சங்கடம். பச்சைச் சோயாவை அரைத்த மறுநொடி லிப்பாக்சிஜனேஸ் என்ற மற்றொரு என்சைம் கொழுப்போடு சேர்ந்து அந்தப் பச்சை வாடையைக் கிளப்பிவிடும். அதை அடக்கத்தான் 80 டிகிரிக்கு மேல் கொதிநீர் விட்டு அரைக்கச் சொல்கிறோம். அந்தக் கொதிநீர் வாடை தரும் என்சைமை மட்டும் பார்த்துக் கொல்வதில்லை, உதவி செய்கிற என்சைமையும் சேர்த்தே கொன்றுவிடுகிறது. வாடை இல்லாத பால் வேண்டுமென்றால் சொந்த என்சைமை இழக்க வேண்டும். வெளியிலிருந்து வாங்கிப் போட வேண்டி வருவது அதனால்தான்.

இப்போது புரோட்டியேஸ். பப்பாளிப் பாலில் உள்ள பப்பேன், அன்னாசியில் உள்ள புரோமெலைன், பாக்டீரியாவிலிருந்து வரும் தொழிற்சாலை ரகங்கள் எல்லாம் இதில் அடக்கம். புரதத்தை முன்பே துண்டாக்கிக் கொடுத்தால் வயிற்றுக்கு வேலை மிச்சம் என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கும். மட்டன் வேகப் பப்பாளிக்காய் போடுகிற பழக்கம் இருப்பதால், ‘சோயாவுக்கும் போடலாமே’ என்று யாராவது உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். ஒரு டம்ளர் வெதுவெதுப்பான சோயா பாலில் பச்சைப் பப்பாளித் துருவலின் சாற்றை ஒரு ஸ்பூன் விட்டுப் பாருங்கள். சற்று நேரத்தில் தயிர் மாதிரி திரளும், நாக்கில் வைத்தால் கசக்கும். சோயா புரதத்துக்குள் மறைந்திருக்கும் நீர்விலக்கும் பகுதிகள் சிறு துண்டுகளாக வெளியே வரும்போது கசப்பாக மாறுகின்றன. தொழிற்சாலைகளில் இந்தக் கசப்பைப் போக்க, துண்டுகளின் நுனியிலிருந்து கொறிக்கும் வேறு என்சைம்களைச் சேர்க்கிறார்கள். நோயாளிகளுக்கான உணவுக்கு அது தேவை. நன்றாக வெந்த சோயா புரதத்தை ஆரோக்கியமான வயிறு தானே செரித்துக்கொள்ளும். அதற்கு முன்கூட்டியே வெட்டித் தர வேண்டியதில்லை என்பது என் கருத்து. இன்னொன்று, இப்படி உடைத்துவிட்டால் சோயா ஒவ்வாமை உள்ளவர்களும் சாப்பிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒவ்வாமை தரும் துண்டுகள் மிஞ்சலாம்.

செல்லுலேஸ், பெக்டினேஸ் ஆகியவை வாயுவுக்காக அல்ல, லாபத்துக்காக. சக்கையின் செல்சுவரைக் கரைத்து அதிலிருந்து இன்னும் கொஞ்சம் புரதமும் பாலும் எடுக்க உதவும். பெரிய ஆலைக்குச் சரி. உங்கள் அளவுக்குச் சக்கையை மாட்டுக்காரருக்கோ வடை மாவுக்கோ கொடுப்பதே லாபம்.

நீங்கள் டோஃபுவும் செய்கிறீர்கள் அல்லவா? வயிறு உப்பும் வாடிக்கையாளரை அந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். பாலைத் திரித்து, துணியில் கட்டி, பளு வைத்து அழுத்தும்போது வெளியேறும் மஞ்சள் தண்ணீரோடு இந்தச் சர்க்கரைகளும் பெரும்பகுதி போய்விடுகின்றன. நன்றாக அழுத்திய கெட்டி டோஃபு, குடல் கூச்சம் உள்ளவர்களுக்கும் பொதுவாக ஒத்துக்கொள்ளும். தண்ணீர் வடிக்காமல் செய்யும் பட்டு டோஃபுவுக்கு இந்தச் சலுகை இல்லை. என்சைம் இல்லாமலே பிரச்சினை தீர்கிறது என்றால் அதை ஏன் விட வேண்டும்?

என்சைமைப் பொட்டலத்தில் வாங்காமல், அதைச் சுரக்கும் உயிரியையே வேலைக்கு வைப்பது பழைய வழி. ஜாவாக்காரர்கள் டெம்பே (பூஞ்சை படரவிட்டுக் கட்டியாக்கிய சோயா) செய்வது அப்படித்தான். சிக்கிமின் கினிமா, மணிப்பூரின் ஹவாய்ஜார், நாகாலாந்தின் அகுனி எல்லாம் பாக்டீரியாவால் புளித்த சோயாவே. நம் பக்கத்தில் ஆரோவில்லில் டெம்பே கிடைக்கிறது, ஒருமுறை வாங்கிச் சமைத்துப் பாருங்கள். செய்முறை கடினமில்லை. தோல் நீக்கி வேகவைத்த பருப்பை ஈரம் போக உலர்த்தி, சிறிது வினிகர் கலந்து, ரைசோபஸ் என்ற பூஞ்சை வித்தைத் தூவி, வாழை இலையிலோ துளையிட்ட பாலிதீன் பையிலோ கட்டி, 30 டிகிரியில் ஒன்றரை நாள். வெள்ளைப் பஞ்சு படர்ந்து பருப்பெல்லாம் ஒரே கட்டியாகிவிடும். கடலூர், புதுச்சேரியில் ஆடி தாண்டி மார்கழி வரைக்கும் அறைச் சூடே போதும். சித்திரை, வைகாசியில் தான் கவனம். பாதி நேரத்துக்குப் பிறகு பூஞ்சையே சூட்டை உண்டாக்கத் தொடங்கும், வெளியே 37 டிகிரி இருக்கும்போது உள்ளே தானே வெந்து செத்துவிடும். கட்டுகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்காமல் கம்பித் தட்டில் பரப்பி வையுங்கள். ஓரத்தில் கறுப்புத் திட்டு வந்தால் பூஞ்சை வித்து விட்டிருக்கிறது, அது கெடுதல் இல்லை. அமோனியா மூக்கில் ஏறினாலோ வழவழப்பு வந்தாலோ தூக்கிப் போட வேண்டியதுதான்.

டெம்பே வயிற்றுக்கு லேசாக இருப்பதற்குக் காரணம் முழுக்கப் பூஞ்சை என்று நினைக்கிறார்கள். புரதத்தையும் கொழுப்பையும் அது உடைக்கிறது, இரும்பைக் கட்டிப் பிடிக்கும் ஃபைட்டேட்டையும் குறைக்கிறது. ஆனால் வாயுச் சர்க்கரையில் பெரும்பங்கு ஊறவைத்து, தோலெடுத்து, வேகவைத்து, தண்ணீரைக் கொட்டுவதிலேயே போய்விடுகிறது.

தயிர் வழியும் இருக்கிறது. லாக்டிக் பாக்டீரியாக்களில் சில வகைகளுக்கு ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் சொந்தமாகவே உண்டு. காய்ச்சிய சோயா பாலை 42 டிகிரிக்கு ஆறவிட்டு உறை ஊற்றலாம். பசும்பாலின் சர்க்கரையான லாக்டோஸ் இதில் இல்லாததால் வீட்டு உறை மோர் மந்தமாகத்தான் வேலை செய்யும், ஒரு சிட்டிகை சர்க்கரை சேர்த்தால் பிடித்துக்கொள்ளும். எந்த பாக்டீரியா உங்கள் உறையில் இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு மாறும், அதனால் பலனும் மாறும். இட்லிக்கு உளுந்தில் கால் பங்கைக் குறைத்து ஊறவைத்த சோயாவைப் போட்டு அரைப்பதும் நடக்கிற காரியம். அதற்கு மேல் போட்டால் இட்லி கனக்கும், வாடையும் எட்டிப் பார்க்கும்.

மீல் மேக்கரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உப்புசம் பற்றி என்னிடம் கேட்பவர்களில் பாதிப் பேர் சாப்பிட்டது அதைத்தான். எண்ணெய் எடுத்த சோயா மாவைச் சூட்டிலும் அழுத்தத்திலும் பிதுக்கி உப்பவைத்தது அது. புரதம் பாதிக்கு மேல், எண்ணெய் போய்விட்டதால் வாயுச் சர்க்கரையின் விகிதம் பருப்பைவிடக் கூடுதல். வெந்நீரில் ஊறவிட்டு, இரண்டு மூன்று தண்ணீரில் நன்றாகப் பிழிந்து போடச் சொல்லும் பாட்டி வைத்தியம் இங்கே சரியான அறிவியல். பிழிந்த தண்ணீரைக் குழம்பில் விடாதீர்கள். ஜிம்முக்குப் போகிற பிள்ளைகள் வாங்கும் சோயா புரதப் பொடியில், 90 சதவீதப் புரதம் என்று போட்டிருந்தால் சர்க்கரையை ஏற்கெனவே கழுவி எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். வெறும் சோயா மாவு என்றால் கழுவவில்லை.

ஃபைட்டேட் என்று சொன்னேன் அல்லவா. வாயுவோடு அதற்குச் சம்பந்தமில்லை, இரும்பு, துத்தநாகம், கால்சியத்தைக் கட்டிப் பிடித்து உடம்பில் சேரவிடாமல் செய்யும் பொருள். அதை உடைக்கும் ஃபைட்டேஸ் என்ற என்சைமை நாமக்கல் பக்கம் கோழித் தீவனத்தில் சோயா புண்ணாக்கோடு வழக்கமாகவே சேர்க்கிறார்கள். என்சைம் பதப்படுத்தலில் நம்மைவிடக் கோழி முன்னேறிவிட்டது என்று சொன்னால் சிரிப்பீர்கள், ஆனால் அதுதான் நிலவரம். உங்கள் வாடிக்கையாளர்களில் ரத்தசோகை உள்ள பெண்கள் இருந்தால், சுண்டலில் எலுமிச்சை பிழிந்து கொடுங்கள், சாப்பிட்ட கையோடு டீ, காபி வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த அளவில் இது போதும்.

விற்பனைக்குச் செய்வதால் சில எச்சரிக்கைகள். என்சைம் சேர்த்தால் உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் அதைத் தெரிவித்துவிடுங்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாக இந்தப் பாலைக் கேட்டு வந்தால், என்சைம் போட்டதோ போடாததோ, விற்காதீர்கள். குழந்தைகளுக்கான கலவை வேறு, அது மருத்துவர் சொல்ல வேண்டியது. கேலக்டோசீமியா என்ற பிறவிக் குறை உள்ளவர்களுக்கு என்சைம் போட்ட பால் ஆகாது, ஏனென்றால் கட்டுண்டு கிடந்த கேலக்டோஸை நாமே விடுவித்துவிடுகிறோம். இனிப்பும் கொஞ்சம் கூடுவதால் சர்க்கரை நோயாளிகள் கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கு அகார்போஸ் மாத்திரை எடுப்பவர் ஆல்ஃபா-கேலக்டோசிடேஸ் மாத்திரை வாங்குவதற்கு முன் மருத்துவரைக் கேட்க வேண்டும், ஒன்று மற்றொன்றின் வேலையைக் கெடுக்கும். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் காலையில் மாத்திரையை விழுங்கிய கையோடு உங்கள் பாலைக் குடிக்கக் கூடாது, மருந்து சரியாகச் சேராது. நாலைந்து மணி நேரம் கழித்து, சாயங்காலமாகக் குடிக்கச் சொல்லுங்கள்.